கூன்மலைக்குச் சடக்கு

ஏழாங்கட்டைத் தோட்டம்,
பகாவ்.
10.11.1957

அன்புள்ள மாமாவுக்கு, நீலாவதி எழுதுவது.

இங்கே நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் "இருக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். போன இரண்டு கடிதத்திலும் அப்படித்தான் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக முசிறியிலிருந்து கடல் தாண்டி ஒரு தாள் வர வேண்டுமா? கட்டின பெண்டாட்டிக்கு நான்கு வரி எழுதினால் மை ஒன்றும் தீர்ந்துவிடாது.

இந்தக் கடிதத்தில் நல்ல சேதி இருக்கிறது. அதனால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்டில் மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு இங்கே நிறைய மாறிவிட்டது. பகாவ் பக்கம் ஆபத்து நீங்கியது என்று சொல்லி ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். லயத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பி வேலி இன்னும் நிற்கிறது, ஆனால் கதவை யாரும் சாத்துவதில்லை. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று, நீங்கள் போன பிறகு வைத்த பொதுக் கொட்டகையில் வரிசையில் நின்று வாங்கித் தின்ற காலம் போய், அவரவர் அடுப்பில் உலை வைக்கிறோம். முதல் நாள் என் பானையில் சோறு பொங்கியபோது, எவனாவது துப்பாக்கியோடு வந்து எட்டி உதைப்பானோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய சேதி இனிமேல்தான். கூன்மலைக்குச் சடக்குப் போடுகிறார்கள்! நம் தோட்டத்துக்குப் பின்னால் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறதே, அதே மலைதான். இப்போதே பாதி மலைக்கு வந்துவிட்டது. கார் உச்சிவரை போகுமாம். உச்சியில் தங்குவதற்குப் பங்களா, சாப்பாட்டுக் கூடம், நின்று பார்க்க ஒரு மேடை எல்லாம் வரப்போகிறது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து கடல் தெரிகிறதாம். அதைப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வருவார்களாம். நேற்றுவரை அந்தப் பக்கம் தலை வைத்தால் சுடுவோம் என்றவர்கள், இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறு என்கிறார்கள்.

நானும் ரப்பர் பால்வெட்டை விட்டுவிட்டுச் சடக்கு வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மண் சுமக்கிற வேலை. கூலி கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் நான் அதற்காகப் போகவில்லை.

கிராணி இராஜமாணிக்கம் தோட்டத்து ஆபீசிலேயே உட்கார்ந்து உங்களுக்காக ஒரு மனு எழுதிப் போட்டார். நாடு கடத்தினவர்களில் சிலருடைய வழக்கைப் புது அரசாங்கம் திரும்பப் பார்க்கிறதாம். பதில் வந்துவிட்டது, மாமா. ஒரு துவான், பெரிய அதிகாரியாம், நேரில் வந்து விசாரிப்பார். ஐம்பத்தொன்றில் தோட்டத்து கேட்டில் உங்களைப் பிடித்தபோது, நீங்கள் தூக்கிக்கொண்டு போனது காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு என்றுதானே குற்றம் சாட்டினார்கள்? கூன்மலை முனிக்குப் படையல் என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது மேலே முனி இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டால் போதும், உங்களைத் திரும்ப விட்டுவிடுவார்கள் என்கிறார் கிராணி.

உங்கள் கனவில் வந்து படையல் கேட்ட முனி அது. இடம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பெண்கள் வரக்கூடாது என்று என்னை அடிவாரத்துக்குக்கூட நீங்கள் விட்டதில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் ஆக்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. எந்தப் பாறை, எந்தப் பக்கம், சூலம் நட்டீர்களா, வெறும் கல்லா என்று விவரமாக எழுதுங்கள்.

நீங்கள் வந்து சேர்ந்தால் போதும். அந்தப் பாவி அர்ச்சுனனும் வந்துவிட்டால் என் குடும்பம் நிறைந்துவிடும். அம்மா செத்த பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. நாற்பத்தெட்டில் தொழிற்சங்கத்து ஆட்களைப் போலீஸ் தேடியபோது, சிங்கப்பூருக்குப் போகிறேன் அக்கா என்று போனவன், இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. அவன் வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே என்றுதான் உங்களோடு கப்பல் ஏற மாட்டேன் என்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். அந்தக் கோபம் இன்னும் மிச்சம் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உடனே பதில் போடவும்.

நீலாவதி


முசிறி
28.11.1957

நீலாவதிக்குச் சன்னாசி எழுதுவது.

இருக்கிறேன். நான்கு வரி கேட்டாய், எழுதுகிறேன்.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி இராஜமாணிக்கத்திடம் சொல். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறிப்போன விஷயத்தை எதற்குக் கிளற வேண்டும்? விசாரணை என்று ஒரு துவான் வந்தால் ஒன்றைக் கேட்டதோடு போய்விடுவாரா? உன்னையும் அல்லவா நிறுத்திவைத்துக் கேட்பார்?

சடக்கு வேலையை விட்டுவிடு. பால்வெட்டுக்கே போ. முனி இருக்கும் இடம் பெண்கள் கால் வைக்கும் இடமில்லை என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? உச்சியிலிருந்து நீ ஒரு கூடை மண்கூட அள்ளக் கூடாது. என் மேல் உனக்கு மரியாதை இருந்தால் இதைக் கேட்பாய்.

பங்களா எந்தப் பக்கம் கட்டுகிறார்கள்? கிழக்கில் ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டு நிற்கும், அடியில் குகை போல இருக்கும். அதைத் தொடுகிறார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீ இங்கே வந்துவிடு. பஸ் நிலையத்தில் டீ ஆற்றுகிறேன். மலேயாக்காரன் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். பேச்சுக்குப் பேச்சு வாயில் 'லா' வந்துவிடுகிறது, அதைச் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஐந்து வயதில் கப்பல் ஏறி மலேயா போனவனுக்கு இது ஊரும் இல்லை, அது நாடும் இல்லை என்று ஆகிவிட்டது. நீயாவது பக்கத்தில் இருந்தால் ஒரு வீடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

அர்ச்சுனனுக்காக இனிமேல் காத்திருக்காதே.

சன்னாசி


ஏழாங்கட்டைத் தோட்டம்
15.12.1957

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. உடனே எழுதியிருந்தால் தாள் கிழிந்திருக்கும்.

திரும்பி வர வழி பிறந்திருக்கிறது என்று நான் எழுதினால், மனுவைத் திரும்ப வாங்கு என்கிறீர்கள். இதற்கு என்ன அர்த்தம்? அங்கே புதிதாக யாரையாவது சேர்த்துக்கொண்டீர்களா? இருந்தால் நேராகச் சொல்லிவிடுங்கள், முனியை எதற்கு நடுவில் இழுக்கிறீர்கள்? உங்களுக்காக, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எத்தனை பேரிடம் வாய்ச்சண்டை போட்டிருப்பேன்! "கொம்னிஸ் பொண்டாட்டி" என்று தாயம்மா சொன்னதற்குப் பால் வாளியைத் தூக்கி அடித்தவள் நான்.

அர்ச்சுனனுக்காகக் காத்திருக்காதே என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நீங்களும் அவனைத் தோளில் தூக்கித் திரிந்தவர்தானே? அந்த வரியை மட்டும் நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

சடக்கு வேலையை விடவில்லை. விடவும் மாட்டேன். சடக்கு உச்சிக்குப் போய்விட்டது. நீங்கள் கேட்ட கிழக்குப் பாறையில்தான் முதலில் கை வைத்தார்கள். பங்களாவுக்குத் தண்ணீர்த் தொட்டி அங்கேதான் வருகிறது. சூலம் எதுவும் கண்ணில் படவில்லை. பாறை முழுக்கச் சுற்றிப் பார்த்தேன், ஒரு மஞ்சள் துணி, ஒரு விபூதிக் கோடுகூட இல்லை. ஆறு வருஷ மழையில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் துவானுக்கு எதைக் காட்டுவது? அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது, எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன செவ்வாய்க்கிழமை அந்தப் பாறைக்கு அடியில் தோண்டும்போது எலும்பு வந்தது. நீளமாக ஒரு கால் எலும்பு, கூடவே சின்னச் சின்னதாக நிறைய. சங்குலால் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தவன் அதைப் போட்டுவிட்டு ஓடினான். நாங்களெல்லாம் கத்திவிட்டோம்.

எங்களை வேலை வாங்குகிற மண்டோர் நல்லசாமி வந்து பார்த்தார். "காட்டுப்பன்னி எலும்புலா, இதுக்குப் போயி ஏன் கத்துறீங்க? அள்ளிக் கொட்டுங்க" என்றார்.

"பன்னிக்கு ஏதுண்ணே இவ்ளோ நீளக் காலு?" என்று கூட மண் சுமக்கிற ராக்கம்மா கேட்டாள்.

"வாய மூடு. போலீசு கீலீசுனு போனா ஒரு மாசம் வேல நின்னுரும். கான்ட்ராக்டர் என்னைய உண்டு இல்லைனு ஆக்கிருவான். அள்ளுலா!"

வரிசையில் என் கூடைதான் முன்னால் இருந்தது. அதில் வாரிப் போட்டார்கள். தலையில் வைத்துக்கொண்டு போய்ச் சரிவில் மண்ணோடு மண்ணாகக் கொட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மஞ்சள் போட்டுத் தலை முழுகினேன். யார் பெற்ற பிள்ளையோ தெரியவில்லை, மாமா. காட்டுக்குள் செத்தவனாக இருக்கும். அவனுக்கும் எங்கேயாவது ஒரு அக்காவோ அம்மாவோ இருப்பாள்தானே என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

முனி இருக்கும் இடத்தைப் பற்றி மறைக்காமல் எழுதுங்கள்.

நீலாவதி


முசிறி
6.1.1958

நீலா,

இந்தக் கடிதம் தபாலில் வராது. பக்கத்து ஊர் மணியம் கப்பல் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

கூன்மலையில் முனி இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

அந்தப் பாறைக்கு அடியில் இருந்தது நம் அர்ச்சுனன்.

உன் கடிதத்தைக் கடையில் நின்று படித்தேன். கையில் இருந்த கொதிநீர்ச் செம்பு கால்மேல் விழுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. 'யார் பெற்ற பிள்ளையோ' என்று எழுதியிருந்தாய். அந்த இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அவன் சிங்கப்பூருக்குப் போகவில்லை. சங்கத்து ஆட்களோடு காட்டுக்குள் போய்விட்டான். ஐம்பதாம் வருஷம் நான் பிரம்பு வெட்ட ஏறியபோது அந்தப் பாறைக்கு அடியில் அவனைப் பார்த்தேன். தொடையில் குண்டு பட்டிருந்தது. கூட இருந்தவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள், இவனால் நடக்க முடியவில்லை. கீழே கொண்டுவந்தால் துப்பாக்கி வைத்திருந்தவன் என்று தூக்குத்தான். மேலேயே விட்டால் பட்டினி.

முனி அவன் யோசனைதான். "நம்ம ஆளுங்க வேற எத நம்பலைனாலும் முனிய நம்புவாங்க மாமா. அக்கா கையால ஆக்கிக் கொண்டா" என்று அந்த வலியிலும் சிரித்தான். உன்னிடம் சொல்லவே கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினான். அக்கா அழுதால் லயம் முழுக்கக் கேட்கும், அப்புறம் அக்காவையும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றான். அவன் சொன்னது சரிதானே? நீ அழுதால் கேட்காமல் இருக்குமா?

கால் அழுகிக் காய்ச்சல் வந்தது. தைமாசம் பிறந்தபோது போய்விட்டான். நான்தான் பாராங் கத்தியால் குழி வெட்டிப் புதைத்தேன். அவனுக்குக் கொள்ளி போட, தலை மழிக்க, பங்காளி என்று யார் இருந்தார்கள்? பதினாறாம் நாள் அவனுக்குப் பிடித்ததை ஒரு இலையிலாவது வைத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. உன்னை ஆக்கச் சொன்னேன். அதை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் கேட்டில் பிடித்தார்கள். நீலா, அதுவரை நான் சொன்னதெல்லாம் பொய். அன்றைக்குச் சொன்னது மட்டும் உண்மை. அது படையல்தான்.

நான் வாயைத் திறந்திருந்தால் அவனைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்து, காட்டில் சுட்ட மற்றவர்களைப் போட்டது போலப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடத்தியிருப்பார்கள். யாருடைய ஆள் என்று வந்து பார் என்று உன்னையும் கூப்பிட்டிருப்பார்கள். முகாமில் என்னைப் பார்க்க வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீ அழுதபோது, உன் பின்னால் இரண்டு போலீஸ் நின்றது. அப்புறம் ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுத்தார்கள். நான் எப்படிச் சொல்வேன்?

அதனால்தான் மேலே போகாதே என்றேன்.

சன்னாசி


ஏழாங்கட்டைத் தோட்டம்
2.2.1958

மாமா,

படித்தேன். எரித்துவிட்டேன். எரித்த பிறகு, நான் படித்தது நிஜம்தானா என்று சந்தேகம் வந்தது. திரும்பப் பார்க்கக் கடிதம் இல்லை. சாம்பலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதையும் ஊருக்குக் கப்பல் ஏறுகிற ஒருவர் கையில்தான் கொடுக்கிறேன், ஆனாலும் பெயர் எழுத மாட்டேன். யாரென்று உங்களுக்குத் தெரியும்.

என் கையால் அள்ளினேன். இல்லை, அவர்கள் வாரிப் போட்டார்கள், நான் சுமந்தேன். சின்னப் பிள்ளையில் அவனை இடுப்பில் சுமந்தேன், கடைசியில் தலையில் சுமந்து குப்பை மாதிரி சரிவில் கொட்டிவிட்டு வந்து தலை முழுகியிருக்கிறேன். தீட்டு என்று முழுகினேன், மாமா. என் தம்பியை.

அந்தப் பதினாறாம் நாள் என்ன ஆக்கினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னீர்கள். முட்டை அவிக்கச் சொன்னீர்கள். "முனி சுருட்டும் கள்ளும் கேக்கும்னு சொல்வாங்க, உங்க முனி கருவாடு கேக்குதா?" என்று உங்களைக் கேலி பண்ணினேன். நீங்கள் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே போனீர்கள். என் தம்பிக்குக் கருமாதிச் சோற்றை நான் சிரித்துக்கொண்டே ஆக்கியிருக்கிறேன்.

ஒரு மாதமாக எங்களைக் கீழ்ச் சடக்கில் போட்டிருந்தார்கள். நேற்று வேலைக்குப் போனதும் முதல் காரியமாக மேலே சரிவைப் பார்க்க ஓடினேன். சரிவு இல்லை. நாங்கள் கொட்டிய மண்ணையே இடித்துச் சமப்படுத்தி, அதன்மேல் சிமெண்டு போட்டுவிட்டார்கள். கடல் பார்க்கிற மேடை அங்கேதான் கட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் இரும்புக் கம்பி, உட்கார நாற்காலி. நான் சிமெண்டைக் கையால் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று ராக்கம்மா என்னை நிழலுக்கு இழுத்துப் போனாள்.

உங்களைக் கேட்கிறேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "வா, கப்பல் ஏறலாம்" என்று கெஞ்சினீர்களே. "தம்பி வருவான், நான் வரல" என்றேனே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி உங்களால் சும்மா நிற்க முடிந்தது? செத்துப்போனவனுக்காக உயிரோடு இருக்கிறவரை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். போலீஸ் நின்றது, கடிதத்தைப் பிரித்தார்கள், எல்லாம் சரிதான். ஒரு கண் ஜாடை காட்டியிருக்கக் கூடாதா? ஒரு தலையசைப்பு? நான் அவ்வளவு மக்கா?

அடுத்த மாதம் துவான் வருகிறார். எலும்பு வந்ததிலிருந்து பெண்கள் வேலைக்குப் பயப்படுகிறார்கள் என்று, கான்ட்ராக்டர் பாறைப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு முனியை நிறுத்திவிட்டார். பெரிய மீசை, சிவப்புக் கண், கையில் அரிவாள். வருகிறவர்கள் படம் பிடித்துக்கொள்ள நன்றாக இருக்கும் என்று எஞ்சினியர் துரைக்கும் சந்தோஷம். "துவான் கேட்டா இந்த முனிக்குத்தான்னு தலைய மட்டும் ஆட்டும்மா, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்கிறார் கிராணி. அவருக்கு எதுவும் தெரியாது, பாவம்.

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் திரும்பி வர வேண்டும் என்று இத்தனை வருஷம் ஒரே பிடியாக நின்றவள் நான். இப்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமா என்றே எனக்குத் தெரியவில்லை.

நீலாவதி


முசிறி
20.2.1958

நீலாவுக்கு,

நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். உள்ளதைச் சொன்னாலும் சரி, ஒன்றுமே சொல்லாமல் நின்றாலும் சரி. நான் திரும்ப வருவதற்காக அவன் கிடக்கிற இடத்தில் நின்று நீ பொய் சொல்ல வேண்டாம். இங்கே டீ ஆற்றிக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடுவேன்.

ஸ்டேஷன் வாசலில் பிணங்களை வெயிலில் கிடத்தியதை நான் பார்த்திருக்கிறேன். ஈ மொய்க்கும். அதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்கு மேல் அப்போது என் புத்தி வேலை செய்யவில்லை. ஜாடை காட்டியிருக்கலாம் என்கிறாய். காட்டியிருந்தால் நீ அந்த இடத்திலேயே விழுந்திருப்பாய், அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். அவன் பசியோடு சாகவில்லை. கடைசிவரை நீ ஆக்கியதைத்தான் தின்றான். காய்ச்சலில் எதுவும் இறங்காதபோதும் உன் கஞ்சியை இரண்டு வாய் குடித்தான். முனிக்கு எதுக்கு உப்பில்லாக் கஞ்சி என்று நீ அன்றைக்குச் சண்டை போட்டாய்.

உன்னை வரச் சொல்லி இனிமேல் எழுத மாட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

சன்னாசி


ஏழாங்கட்டைத் தோட்டம்
19.4.1958

மாமாவுக்கு, நீலாவதி எழுதுவது.

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். வலது உள்ளங்கையில் சூட்டுக் காயம். ஆறிவிட்டது, ஆனால் தோல் இன்னும் இழுக்கிறது.

துவான் போன மாதம் வந்தார். மலாய்க்காரர், கோலப்பிலாவில் தோட்டத்துப் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவராம், நம் பழக்கமெல்லாம் தெரிந்திருக்கிறது. எங்களை மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். கிராணி சிமெண்டு முனியைக் காட்டினார். துவான் அதைச் சுற்றி வந்தார், திறப்பு விழாவுக்கென்று மறுபடி அடித்த பெயிண்டைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டியது.

"இது நேத்து வெச்ச சாமி மாதிரி இருக்கே" என்று தமிழிலேயே சொன்னார். கிராணிக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் துவான் என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்க சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினா பொய் சொல்ல மாட்டாங்க. நீ பண்ணுவியா?" என்று கேட்டார்.

சிமெண்டு முனி முன்னால் சூடம் ஏற்றப்போனார் கிராணி. "இங்க வேணாம்" என்றேன். நேராக மேடைக்கு நடந்தேன். ஏன் அங்கே என்று துவான் கேட்டார். "பாறைக்கடியில கெடந்த மண்ணெல்லாம் இங்கதான் துவான் கெடக்கு. அள்ளிக் கொட்டுனது நானு" என்றேன். அங்கேயே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சிமெண்டுத் தரையில் சூடத்தை ஏற்றி வைத்தார்கள். எனக்கு அப்போது உங்கள் நினைவும் இல்லை, மனு நினைவும் இல்லை. அவன்தான் காலடியில் கிடந்தான். "அன்னைக்கு எம் புருசன் கொண்டு போன சோறு, உசுரோட இருக்குற எந்த மனுசனுக்கும் இல்ல. இது சத்தியம்" என்று சொல்லி உள்ளங்கையால் அமுக்கினேன். தட்டி அணைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும், எனக்கு எடுக்கத் தோன்றவில்லை. துவான்தான் கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. வேறு கேள்வி கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மலையைத் திறந்து வைத்தார்கள். பேண்டு வாத்தியம், கார்கள், கொடிகள். வேலை செய்தவர்களைச் சுத்தமான உடுப்போடு வந்து ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பெரிய மனிதர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மேடையில் ஏறி, கடல் தெரிகிறது, கடல் தெரிகிறது என்று கூவினார்கள். ஒரு அம்மாள் குதிகால் செருப்போடு குதித்துக் காட்டி, பலமாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று சிரித்தாள். காலை எடுடி என்று எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ராக்கம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறாள்.

நேற்று கிராணி ஓடிவந்து கடிதத்தைக் காட்டினார். உங்கள் மேல் இருந்த தடையை எடுத்துவிட்டார்கள். நீங்கள் வரலாம், மாமா. அவர் ஆனந்தத்தில் அழுதார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, அவனுக்கு எடுத்து வைத்த வேட்டிகளை வெளியே வைத்துவிட்டு, இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே என்று அடுப்பைப் பற்றவைத்தேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். முட்டை அவித்தேன். இந்த முறை யாருக்கு ஆக்குகிறேன் என்று தெரிந்து ஆக்கினேன். வாழை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு, நானே சுமந்த மண்ணில் போட்ட சடக்கில் நடந்து மேலே போனேன்.

உச்சியில் இப்போது ஒரு கேட் போட்டிருக்கிறார்கள். அங்கே காவலுக்கு நிற்கிற ஜாகா என் பையைத் திறந்து பார்த்தான். "சாப்பாடு உள்ள கொண்டு போகக் கூடாதும்மா. போர்டு போட்டிருக்கு பாரு. உள்ள ஹோட்டல்ல வாங்கித்தான் சாப்பிடணும்" என்றான். படையல் என்றேன். "அதெல்லாம் இங்க இல்லலா, திரும்பு" என்றான். ஏழு வருஷம் கழித்து, அதே மலை, அதே சோறு, மறுபடியும் ஒரு கேட். கெஞ்சினேன், கத்தினேன். அவன் பொட்டலத்தைப் பிடுங்கி வெளியே சடக்கோரத்தில் வைத்துவிட்டான்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. நீங்கள் வந்து இறங்கிய அன்றைக்கே சண்டை போடுவேன், அதற்குத் தயாராக வாருங்கள். ஆனால் அவனுக்கு ஒரு இலை போட என்னால் தனியாக முடியவில்லை. நாம் இரண்டு பேராகப் போனால் ஒருவர் ஜாகாவைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், ஒருவர் இலையோடு உள்ளே ஓடிவிடலாம். ஜாகாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கப்பல் ஏறுங்கள்.

நீலாவதி